லிங்க் அனுப்பியாச்சு!

பள்ளியில் ஆய்வகம் இல்லை என்று இனி எந்த அறிவியல் ஆசிரியரும் மூக்கைச் சிந்தக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் இணைய ஆய்வகத்தின் லிங்க் வந்துவிட்டது. தொட்டால் பியூரெட் வரும், குடுவை வரும், ஃபீனால்ஃப்தலீனும் வரும். எல்லாம் இலவசம். டேட்டா மட்டும் ஆசிரியரின் கைக்காசு.

திரையில் அமிலத்துக்குள் காரம் சொட்டுச் சொட்டாக இறங்குகிற அழகே அழகு! சரியான சொட்டில் கரைசல் இளஞ்சிவப்பாகிறது. நிஜ ஆய்வகத்தில் பிள்ளை திருகை மூடக் கொஞ்சம் தாமதித்தாலும் நிறம் அடர்ந்து பல்லிளிக்கும். கீழே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிக் கொட்டிக் கொட்டித்தான் வேதியியல் கைக்கு வரும். லிங்கில் யார் கையும் நடுங்காது, எதுவும் உடையாது, எதையும் திரும்ப வாங்க வேண்டாம். கருவூலம் மெச்சும் விஞ்ஞானம்!

இணையத்தில் அள்ளிக் கொடுத்தவர்கள் மீது கோபமில்லை. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து வடிவியல் சொன்ன அரவிந்த் குப்தா, தன் நூல்களையும் படங்களையும் இலவசமாகவே தருகிறார். 1978இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத். அங்கே 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம், பள்ளிக்குப் பரிசோதனைப் பெட்டி கொடுத்தது, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது, புத்தகத்தைத் திறந்துவைத்துத் தேர்வு எழுதச் சொன்னது. 2002இல் மாநிலக் காங்கிரஸ் அரசு அதை இழுத்து மூடியது. 2018இல் ஒன்றிய பா.ஜ.க. அரசு அரவிந்த் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ தந்தது. ஆளுக்குப் பதக்கம், அவர் வளர்ந்த திட்டத்துக்குப் பூட்டு. கட்சி வேறு, புத்தி ஒன்று.

அதே ஒன்றிய அரசுதான் 2017இல் தீக்‌ஷா என்ற இணையப் பாடத் தளத்தைத் திறந்தது. தன் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததும் அதுவேதான். ஆனால், லிங்கை நிறுத்தவில்லை பாருங்கள், எவ்வளவு தாராளம்!

மாநில அரசு மட்டும் சளைத்ததா? 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டது. வகுப்பில் நாற்பது தலைகளுக்கு நடுவே இருப்பது டீச்சரின் ஒரே செல்போன். வட்டம் சுற்றிச் சுற்றி, வீடியோ ஓடத் தொடங்கும் நேரத்தில் வாசலில் எச்.எம்.: “டீச்சர், எமிஸ்ல இன்னும் ஏத்தலையா?” வீடியோ போய், எமிஸ் தளத்தின் வருகைப் பதிவு வரும். ஒளிச்சேர்க்கை நாளைக்கு.

ஐயா அதிகாரிகளே, கூகுளில் தேட ஆசிரியருக்கு உங்கள் சுற்றறிக்கை தேவையில்லை. அமிலம் வாங்கக் காசு கொடுங்கள். குடுவை கழுவக் குழாயில் தண்ணீர் விடுங்கள். காலியாகக் கிடக்கும் ஆய்வக உதவியாளர் நாற்காலியில் ஓர் ஆளை உட்கார வையுங்கள். மனமில்லையா? பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கென்று வைத்திருக்கும் 25 மதிப்பெண்ணை வெட்கமில்லாமல் எடுத்துவிடுங்கள். சோதனைக் குழாயைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடும் பாவத்தை ஆசிரியர் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள்?