எண்ணெய்க் கப்பலின் போர்

கேள்வி: போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் ஊற்றும் கப்பலுக்கு வரலாற்றில் என்ன பெருமை இருந்துவிடப் போகிறது?

பதில்: விமானந்தாங்கிக் கப்பல் என்றெண்ணிப் பகைவன் 78 விமானங்களை ஏவிய பெருமை நியோஷோவுக்கு உண்டு. 1939-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இது, ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கு நடுக்கடலிலேயே குழாய்வழி எரிபொருள் ஏற்றி, அவை துறைமுகம் திரும்பாமலே போரைத் தொடர வழிசெய்யும் 'ஆயிலர்' வகைக் கப்பல். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ள் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுமழை பொழிந்தபோது, போர்க்கப்பல் வரிசையின் நடுவே நின்ற இதைத் தலைவர் ஜான் பிலிப்ஸ் சேதமின்றி விலக்கிச் சென்றார். பெட்ரோல் ஏற்றும் கலம் அங்கே தீப்பிடித்திருந்தால் அழிவு பன்மடங்காகியிருக்கும்.

1942 மே 7 அன்று பவளக்கடலில், ஜப்பானிய வேவு விமானம் நியோஷோவை விமானந்தாங்கி என்றும், துணைவந்த நாசகாரிக் கப்பலான சிம்ஸைக் குரூசர் என்றும் தவறாக அறிவித்தது. தாக்குதலில் சிம்ஸ் மூழ்கியது. ஏழு குண்டுகள் பாய்ந்த நியோஷோவோ, எரிந்தும் சாய்ந்தும் நான்கு நாள் மிதந்து, ஹென்லி என்ற கப்பல் மீட்க வரும்வரை 123 பேரைத் தாங்கி நின்றது. தீக்காயங்களோடு நீராவி வால்வுகளை மூடிவிட்டு உயிர்நீத்த நியோஷோவின் மாலுமி ஆஸ்கர் பீட்டர்சனுக்கு, அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டது. அது முற்றிலும் தகும். ஜப்பானிய விமானங்கள் இந்த எண்ணெய்க் கப்பலைத் தேடித் தாக்கிய அதே நாளில், அமெரிக்க விமானங்கள் ஷோஹோ என்னும் உண்மையான விமானந்தாங்கியை மூழ்கடித்தன.