மஞ்சள் பனியனும் வெறுங்காலும்

என் முழங்கால் வலிக்கு வைத்தியம் சொன்னவன் பாஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன். "மாமா, ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு ஓடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றான். திருவானைக்காவலில் பத்து வயது வரை காலில் செருப்பே தங்காத பிள்ளை அவன். சேற்றுக்காலோடு கூடத்துக்குள் வந்ததற்காக என் அம்மா அவனை விளக்குமாற்றோடு துரத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே பிள்ளை அமெரிக்கா போய், ஆராய்ச்சியெல்லாம் படித்துவிட்டு, வெறுங்காலின் மகிமையை எனக்கு வாட்ஸ்அப்பில் வகுப்பெடுத்தான்.

ஹார்வர்டில் டேனியல் லீபர்மன் என்று ஒரு பேராசிரியர். ஷூ போட்டு ஓடுபவர்களையும் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களையும் ஒப்பிட்டு 2010-ல் 'நேச்சர்' இதழில் தன் குழுவோடு ஒரு கட்டுரை எழுதினார். ஷூ போட்டவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். அப்போது உடல் எடையைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரைக்கும் ஓர் இடி காலில் ஏறுகிறது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களோ முன்பாதத்தில் இறங்குகிறார்கள். இடி அவ்வளவாக இல்லை.

இதற்கு ஹார்வர்டு வரை போயிருக்க வேண்டாம். சித்திரை மாதம் உச்சி வெயிலில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய கோயில் எதிலாவது வெளிப் பிரகாரத்தில் நின்று பார்த்திருக்கலாம். மண்டப நிழல் முடியும் இடத்தில் ஒரு மாமி நிற்பார். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கையில் புடவைக் கொசுவம். எதிர் நிழலை ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த கணம், பத்து வருடமாக மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாத அந்த மாமி, நுனிக்காலில் குதித்துக் குதித்து வெள்ளைச் சாயம் பூசிய பட்டையை எட்டிவிடுவார். குதிகால் தரையில் படவே படாது. பேராசிரியர் சொன்ன நடையின் இலக்கணம் அத்தனையும் அதில் இருக்கும். அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு பூ கீழே விழாது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்ததும் அக்கா மகன் அபேபே பிக்கிலாவை இறக்கினான். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தான். எத்தியோப்பியக்காரர். கிடைத்த ஷூ காலுக்குச் சேரவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் பிள்ளை பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். மீதியை நானே தேடிப் படித்தேன். 1964-ல் டோக்கியோவில் அதே பிக்கிலா, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், மறுபடியும் தங்கம் வாங்கினார். 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. இந்தத் தடவை காலில் ஷூ இருந்தது. மூன்று நிமிடம் மிச்சம்.

இதைச் சொன்னபோது அவன் பேச்சை மாற்றி, ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஒரு ஷூவின் படத்தை அனுப்பினான். போட்டால் வெறுங்காலோடு ஓடுகிற மாதிரியே இருக்குமாம். விலையை நம் பணத்தில் சொன்னதும் அம்மா, "வெறுங்காலோட ஓடுற மாதிரி இருக்கவா இவ்வளவு? வெறுங்காலோடயே ஓடினா என்ன செலவு?" என்று கேட்டார். அந்த மாதிரி ஷூ விற்ற ஒரு நிறுவனம், ஷூவின் பலன்களுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தன்மேல் தொடரப்பட்ட வழக்கில் 2014-ல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது; தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவைக் கேட்டிருந்தால் வழக்கே வந்திருக்காது.

சரி, வெறுங்கால்தான் என்று முடிவு செய்து முதலில் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" இல்லை என்றேன். "இருந்தா இந்தப் பேச்சே கிடையாது" என்றார். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகி, விரலை எடுக்கும் வரைக்கும் போகும். அதனால்தான் சர்க்கரைக்காரர்களை வீட்டுக்குள்ளேயே எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொல்கிறார்கள். அப்புறம் நெருஞ்சி, சீமைக்கருவேல முள், டாஸ்மாக் வாசல் கண்ணாடிச் சில்லு, மலம் கலந்த மண்ணிலிருந்து தோல் வழியாகவே உள்ளே போகும் கொக்கிப்புழு என்று வரிசையாகச் சொல்லி, டிடி ஊசி ஒன்று போட்டு அனுப்பினார். "ஒரு பாதத்துல 26 எலும்பு. எல்லாம் இத்தனை வருஷம் ஷூவுக்குள்ள தூங்கிட்டு இருந்தது. மெதுவா எழுப்புங்க. முதல் வாரம் 400 மீட்டர் போதும்."

அந்த 400 மீட்டரை ஓடத்தான் ஒரு ஞாயிறு விடியற்காலை இறங்கினேன். இரண்டு விஷயத்தை யோசிக்கவில்லை. ஒன்று, அது பங்குனி மாதம். சமயபுரத்து அம்மன் கோயிலுக்கு மஞ்சள் உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்கள் திருச்சியிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் கொள்ளிடம் பாலத்துக்குப் போவார்கள். இரண்டு, என் பனியன். எப்போதோ ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இலவசமாகக் கொடுத்தது. முதுகில் மூலநோய் மருத்துவமனை விளம்பரம். நிறம், அசல் மஞ்சள்.

மஞ்சள் உடை, வெறுங்கால், வேர்வை. அப்புறம் யார் கேட்பார்கள்? நூறு மீட்டர் போவதற்குள் ஒருவர் கையில் நீர்மோரைத் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த பந்தலில் பானகம். "ஓடியே போறாரு பாரு, பெரிய வேண்டுதல்" என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. உடற்பயிற்சி என்று விளக்கியிருந்தால் மோர் கொடுத்தவர் மனம் என்ன பாடுபடும்? அம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கும் காலத்தில், ஒரு வேண்டுதலும் இல்லாத நான் மூன்று டம்ளர் மோரை இறக்கியிருந்தேன்.

கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று நின்றேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கைகாட்டிக் கூப்பிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் துணியில் சுற்றின காசு. "எனக்கு முன்ன மாதிரி நடக்க முடியலை தம்பி. இருபத்தோரு ரூபா இருக்கு. உண்டியல்ல போட்டுடு."

நான் என்ன செய்வேன்? 400 மீட்டர் ஓட வந்தவன், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்து ஜல்லியையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, எட்டு ஒன்பது கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தேன். பாதி வழிக்கு மேல் ஓட்டம் நடையாகி, நடை நொண்டலாகிவிட்டது. எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் அவளை என்னால் முந்த முடியவில்லை. காசை உண்டியலில் போட்டுவிட்டு மகனுக்கு போன் செய்தேன். வண்டியை நிறுத்தியதும் அவன் கேட்டது, "செருப்பு தொலைஞ்சுடுச்சாப்பா?"

உள்ளங்காலில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு கொப்புளம். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. நான்கு நாள் மாடியிலிருந்து பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அம்மா பார்த்துவிட்டு, "நாங்க வாங்க வழியில்லாம வெறுங்கால்ல நடந்தோம். நீ ரெண்டு ஜோடி வாங்கி வச்சுட்டு நடக்கிறே" என்றார். டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்து, எலும்பில் விரிசல் இல்லை என்று நிம்மதி அடைந்தபின் விளக்கினார். முன்பாதத்தில் ஓடினால் முழங்காலுக்குச் சுமை குறைவது நிஜம்தானாம். ஆனால் சுமை மாயமாகிவிடாது. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இறங்கிவிடும்.

மூன்று வாரம் கழித்து, ஷூ போட்டுக்கொண்டு, வெள்ளைப் பனியனில் அதே வழியில் மெதுவாகப் போனேன். பாட்டி அடையாளம் கண்டுகொண்டார்.

"காசு போட்டியா தம்பி?"

"போட்டுட்டேன் பாட்டி."

"நல்லா இரு. ஆமா, நீ என்ன வேண்டிக்கிட்டு அப்படி ஓடினே?"

"முழங்கால் வலி போகணும்னு."

"போச்சா?"

"கீழ இறங்கிடுச்சு பாட்டி. இப்ப கெண்டைக்கால்ல இருக்கு."

பாட்டி கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். "அப்ப இன்னொரு நடை போயிட்டு வந்துடு" என்று முந்தானை முடிச்சில் கை வைத்தார். அன்றைக்கு நான் ஓடிய வேகத்தை இன்னும் நெருங்கவில்லை.