பேராண்டி, ஏர்போர்ட்டை விட்டு வெளிய போயிராத!

ஏல பேராண்டி, சான் பிரான்சிஸ்கோவுக்கு டிக்கெட் போட்டுட்டியாமே. வழியில தென்கொரியாவுல, இஞ்சியோன் ஏர்போர்ட்டுல, பகல் முழுக்கக் கெடக்கணுமாம். அதுவும் ஜூலை மாசத்துல. அவங்களுக்கு மழைக்காலம் ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலை கடைசி வரைக்கும் இழுக்கும். நல்ல நாளாப் பாத்துத்தான் போட்டிருக்க. ஒங்க அத்தைக்குப் பேறுகாலம் பாக்க நானும் ஆச்சியும் அந்த வழியாத்தான் போனோம். அந்த உரிமையில புத்தி சொல்லுதேன், கேட்டுக்க.

மொதல் புத்தி: வெளிய போயிராத. ஏர்போர்ட்டு அருமையா இருக்கும். ரெண்டு தீவுக்கு நடுவுல கடலைத் தூத்து எடுத்த எடம், 2001-ல தெறந்தாங்க. சார்ஜ் போடுத எடமாப் பாத்து ஒரு நாற்காலியப் பிடி. செல்போனுல ஒயரைக் குத்திட்டுப் படு. அமெரிக்கா போய்ச் சேந்ததும் ‘கொரியா பாத்தாச்சு’ன்னு ஸ்டேட்டஸ் போடு. ஒங்கூடப் படிச்ச பயலுவ நம்பிருவானுவ.

இல்ல தாத்தா, கால் ஊருதுன்னு சொன்னா, விசா சங்கதிய இங்கயே விசாரிச்சு வச்சுக்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்க விசா வேணும். அமெரிக்க விசாவோட அமெரிக்காவுக்கே போற ஆளுக்குச் சலுகை உண்டும்பாங்க. ஆனா விதி அப்பப்ப மாறும். கவுண்டர்ல போயி ‘எங்க தாத்தா சொன்னாரு’ன்னு நிக்காத.

வெளிய வந்தவன் எல்லாம் ஒரே பக்கமா ஓடுவான். சியோலுக்கு. நடுவுல நிக்காத ரயிலு மொதல் டெர்மினல்லேர்ந்து 43 நிமிசத்துல சியோல் ஸ்டேசன்ல கொண்டு விட்டுரும். நீ எறங்குன ஊரு இஞ்சியோன். அதோட பழைய துறைமுகத்துப் பக்கம் போவணும்னா கெயாங்ல ஒரு தடவ எறங்கி ஏறணும், புப்யோங்ல இன்னொரு தடவ எறங்கி ஏறணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். தலைநகரம் கிட்ட, எறங்குன ஊரு தூரம்! டிக்கெட்டுல அந்த ஊரு பேரைப் போட்டுக்கிட்டு வாரவன் ஒருத்தனும் அந்த ஊரை எட்டிப் பாக்குததில்ல. அதனாலதான் ஒன்னைய அங்க போகச் சொல்லுதேன். சியோல்ல ஊரோட சேந்து நனையணும். இஞ்சியோன்ல நிம்மதியா, தனியா நனையலாம்.

ரயிலுப் பெட்டியோட ரெண்டு கோடியிலயும் எடம் காலியா இருக்கும். ஆகா, யோகம்னு போயி உக்காந்துராத. அது வயசாளிகளுக்கு. கூட்டம் பிதுங்கினாலும் வாலிபப் பயலுவ அதுல உக்கார மாட்டானுவ. நான் உக்காந்தேன். எந்திரிக்க மனசே வரல. ஆச்சிதான் காதைப் பிடிச்சு இழுத்தா.

குடையை இங்கேர்ந்து சொமக்காத. தெருவுக்கு நாலு சின்னக் கடை ராப்பகலா தெறந்திருக்கும். உள்ளேர்ந்து பாத்தா வானம் தெரியுத பிளாஸ்டிக் குடை கிடைக்கும், வாங்கிக்க. ரயிலுக்கு டி-மணி அட்டையும் அங்கயே வாங்கி ரூவா ஏத்திக்க. கூகுள் மேப்பை நம்பி நடக்காத. அந்த ஊரு அரசாங்கம் துல்லியமான வரைபடத்த வெளிநாட்டுக்காரனுக்குக் குடுக்க ரொம்ப வருசமா மாட்டேன்னே நின்னுச்சு. அவங்க ஊரு நேவர் மேப்பை ஏத்திக்க. அதுவும் குழப்புனா செல்லைப் பைக்குள்ள போட்டுட்டு ஆளைக் கேளு. வாய்ன்னு ஒண்ணு இருக்கது ஒனக்கு ஞாபகம் இருக்கா?

கடைசி ஸ்டேசன் இஞ்சியோன். எதுத்தாப்புல ஒரு வளைவு, அதுக்குள்ள போனா சீனாக்காரங்க தெரு. 1883-ல துறைமுகத்தைத் தெறந்ததும் சீனாக்காரன் ஒரு பக்கம், ஜப்பான்காரன் ஒரு பக்கம்னு எடம் பிடிச்சுக்கிட்டான். நடுவுல எல்லையா ஒரு கல்லுப்படி. இன்னைக்கும் இருக்கு. ரெண்டு ஓரத்துலயும் கல் விளக்கு நட்டிருக்கான். ஒரு பக்கத்து விளக்கு சீன வேலை, மறுபக்கத்து விளக்கு ஜப்பான் வேலை. பங்காளி ரெண்டு பேரு வரப்புச் சண்டை போட்டு அளந்து கல்லு நட்ட மாதிரியே இருக்கும். நெலம் என்னமோ மூணாவது ஆளோடது. மழையில படி வழுக்கும். நடுவுல நடந்தா பிடிக்க ஒண்ணுமில்ல, ஏதாவது ஒரு நாட்டு ஓரமாப் போ.

பசிக்கும்லா. அங்க கருப்பு நூடுல்ஸ் விசேசம், ஜஜாங்மியோன்னு பேரு. துறைமுகத்துல மூட்டை தூக்க வந்த ஷாண்டோங் ஆளுங்க கொண்டாந்த சாப்பாடு, கொரியாக்காரன் வீட்டுச் சாப்பாடாவே ஆயிட்டு. பழைய ஓட்டல் கட்டடம் ஒண்ணை அந்த நூடுல்ஸுக்குன்னே மியூசியம் ஆக்கிட்டான்னா பாத்துக்க. பன்னிக்கறி போட்டிருப்பான், கேட்டுத் தின்னு. ஆச்சி தொட்டுக்க வச்ச மஞ்ச முள்ளங்கிய மட்டும் கடிச்சுட்டு, ‘சாம்பாருக்கு ஆவாது’ன்னு தீர்ப்பு சொல்லிட்டா. இன்னொரு கூத்து. பிப்ரவரி 14-லயும் மார்ச் 14-லயும் காதலர் பரிசு கிடைக்காத பயலுவ ஏப்ரல் 14-ல கூடி உக்காந்து இதைத்தான் தின்பானுவளாம். நீ ஜூலையில போனா என்ன, ஒனக்கு வருசம் பூராவும் உரிமை உண்டு.

மேட்டுல ஜயூ பூங்கா. 1888-ல போட்டது. மேல அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் செலை நிக்கும். நல்ல வெயில்ல துறைமுகம் தெரியும், மழையில ஒண்ணுந் தெரியாது. ஆனாலும் போ. கொரியப் போருல, 1950 செப்டம்பர் 15-ல அந்த ஆளு படையக் கொண்டாந்து எறக்குன கரை கீழதான் இருக்கு. அங்க கடலு 9 மீட்டர் வரைக்கும் ஏறும், எறங்கும். வத்துச்சுன்னா வெறுஞ் சேறு, படகு சிக்கிக்கிடும். வெள்ளென கடல் ஏறுன நேரத்துல ஒரு பட்டாளம் வொல்மிடோ தீவுல எறங்கிப் பிடிச்சுட்டு. அதுக்குள்ள கடல் வத்திப் போச்சு. மத்த படையெல்லாம் அந்தி ஏத்தத்துக்குத்தான் கரைக்கு வர முடிஞ்சுது. அதுவரைக்கும் அந்தப் பயலுவ துப்பாக்கியோட தீவுல தனியா உக்காந்து கெடந்தானுவ. நீ என்னடான்னா ஏ.சி.யில உக்காந்து அடுத்த பிளேனுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்குன்னு ஆச்சிக்கு போன் போட்டு அழுவே!

மழை வலுத்தா எங்கனயாவது ஒதுங்கணும். கொரியாக்காரனுங்க மழைன்னாலே வெங்காயத்தாள் போட்ட அடை திங்கத்தான் ஓடுவானுவ. பஜொன்னு பேரு. மாவு கல்லுல விழுற சத்தம் மழைச் சத்தம் கணக்கா இருக்கும்பானுவ. கூட மக்கொல்லின்னு வெள்ளையா அரிசிக் கள்ளு வைப்பானுவ. நான் குடிக்கச் சொல்லல. கொண்டாந்து வச்சவன் மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். நோகாத அளவுக்கு மட்டும், பிளேனுல ஏறணும்.

பிளேனுக்கு மூணு மணி நேரம் முன்னால ஏர்போர்ட்டுல நில்லு. வந்த வழியே ரெண்டு எடத்துல மாறணும், அந்த நேரத்தையும் கூட்டிக்க. கைப்பையில காஞ்ச சாக்ஸு ஒரு ஜோடி வச்சுக்கடே. ஈரச் சாக்ஸோட ஏறி, ஷூவைக் கழட்டி நீட்டுனேன்னா பக்கத்து சீட்டுக்காரன் பத்து மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரணும். ‘தம்பிக்கு எந்த ஊரு’ன்னு கட்டாயம் கேப்பான். அப்படிக் கேட்டா மட்டும் நம்ம ஊரு பேரைச் சொல்லிராத, மெட்ராஸ்னு சொல்லு.