ஐஸ் உறையட்டும், நம்பர் சொல்லுதேன்

ஃபிரிட்ஜில் கூலிங் நின்றால் கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டும். தமிழுக்கு எண் இரண்டை அழுத்தி, உள்ளே இருக்கும் மாவு புளிக்கும்வரை பாட்டுக் கேட்டால் ஒரு பெண் வருவார். "சிரமத்துக்கு மன்னிக்கவும் சார்." மன்னிப்பே கேட்டுக்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் கத்தினேன். "உங்க கோபம் புரியுது சார்" என்று அதையும் பதிவு செய்துகொண்டார்.

அம்மா கத்துகிற ஆள் இல்லை.

மெக்கானிக் தம்பி வந்தார், திறந்தார், மூடினார், போனார். பிறகு போன்: "அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. போர்டு வந்ததும் மாட்டிரலாம்."

"ஃபிரிட்ஜ் ஓடலையே தம்பி?"

"கம்ப்ளெயின்ட்டை மட்டும் க்ளோஸ் பண்ணிக்கிறேம்மா."

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல தினமும் மெசேஜ் வருது. ஐஸ் உறையட்டும், சொல்லுதேன்."

அந்த எண்ணைச் சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. முடியாத புகார் தம்பியின் தலையில் விடியும். பாவம்தான். ஆனால் அதுவரை நாங்கள் அவர்களைக் கூப்பிட்டோம், அதன்பின் அவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். தம்பி, சூப்பர்வைசர், ஏரியா மேனேஜர் என்று குரல்களின் சம்பளம் ஏறிக்கொண்டே போனது. அம்மாவின் பதில் மட்டும் மாறவில்லை.

என் பங்குக்கு நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து, கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டினேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதாவது நான் டவுன் பஸ்ஸில் போய்விடுவேன். அவர்களுடைய வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு டெல்லிப் பக்கத்திலிருந்து திருநெல்வேலி வெயிலுக்கு வர வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

போர்டு வந்துவிட்டது. மாட்டிய தம்பி கையை நீட்டினார். அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, "காப்பி குடிச்சிட்டு, சாயங்காலம் ஒரு எட்டு வாங்க" என்றார். வந்தார். அம்மா கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தபின்தான் எண்ணைச் சொன்னார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன்: பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

"தம்பிக்குப் பத்து போடு தாயி. கம்பெனிக்குத் தனியா சொல்லுதேன்."

"அப்படித் தனியாப் போட ஆப்ஷன் இல்லைங்கம்மா."

"இல்லேன்னு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக்கோ."