சொந்தக்கட்டுக்காரர்

கடையில் முழுதாக விற்கும் கணினியை வாங்காமல் மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தன் கையாலேயே பூட்டி, அது உயிர்பெற்ற அன்று மாலையே அது எழுவதற்கு ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்று கவலைப்படத் தொடங்குபவரை இங்கே சொந்தக்கட்டுக்காரர் என்று குறிப்போம். ஊரார் இத்தகைய கணினியை ‘அசெம்பிள் பண்ணினது’ என்பார்கள். அச்சொல்லில் ஏதோ ஒரு கடைப்பையன் டீ வருவதற்குள் பூட்டிக் கொடுத்துவிட்ட வாடை வீசுவதால் அவருக்கு அது பிடிப்பதில்லை. ‘பில்டு’ என்றுதான் அவர் சொல்வார். சென்னையைச் சேர்ந்தவரானால், உதிரிப் பாகங்களை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், அதே கடைப்பையனிடம்தான் வாங்கியிருப்பார் என்பது தனிச் செய்தி.

இவ்வினத்தாரை ஏனைய கணினி உடைமையாளரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர்களுடைய தொழில்நுட்ப அறிவு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உற்று நோக்கினால், திட்டுவதற்கு ஆள் இல்லாமையே அவர்களுடைய உண்மையான அடையாளம் என்பது புலப்படும். ஆயத்தக் கணினி வாங்கியவர் அது மந்தமானால் கடைக்காரரையும் கம்பெனியையும் மனமாரத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். சொந்தக்கட்டுக்காரரோ ஏழு கடைகளின் ஏழு பில்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுப் பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஏழு பாகங்களுக்கும் ஏழு வாரண்டிகள் உண்டு. அவை ஒன்று சேர்ந்து நடத்தும் குடித்தனத்துக்கு மட்டும் எந்த வாரண்டியும் இல்லை. அந்தக் குடித்தனத்தைச் சேர்த்து வைத்தவர் அவர்தான் என்ற நினைவு தலைதூக்கும்போதெல்லாம் அதை அமுக்கி வைப்பதற்காகவே அவருடைய ஆராய்ச்சிகள் அனைத்தும் நடைபெறுகின்றன.

ஆராய்ச்சியின் முதல் கருவி கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச். பொத்தானை அமுக்கியது முதல் திரையில் படம் தெரிவது வரை ஆகும் வினாடிகளை அவர் பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கங்களில் தேதிவாரியாகக் குறித்து வருகிறார். முதல் நாள் 52, மறுநாள் 41, அதற்கடுத்த நாள் மறுபடி 52 என்று கணக்கு ஏறி இறங்கும். இறங்கிய நாளில் தாம் மாற்றிய ஏதோ ஓர் அமைப்பு பலித்துவிட்டதாக நம்பி வீட்டாருக்கு அறிவிப்பார். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘ஷட் டவுன்’ என்பது முழு உறக்கமன்று. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாட்டின்படி, இயங்குதளத்தின் கருப்பகுதி அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுமுறை அங்கிருந்தே எடுத்து விரிக்கப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நாள் ஷட் டவுனுக்குப் பின்னும் மறுநாள் ரீஸ்டார்ட்டுக்குப் பின்னும் அளந்துவிட்டு, இடையிலுள்ள வேறுபாட்டைத் தம் சாதனையாகவோ சதியாகவோ பதிவு செய்வது இவ்வினத்தாரின் நிலையான வழக்கம்.

அளந்தபின் ஐயம் பிறக்கிறது. அந்த ஐயம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே நோக்கி, மிக மெதுவாக நகர்கிறது. முதலில் யூபிஎஸ், அதன்பின் தெருவின் வோல்டேஜ், அதன்பின் விண்டோஸ், அதன்பின் பிள்ளைகள் ஏற்றிவைத்த விளையாட்டு என்று அது படிப்படியாக வந்து கேபினெட்டின் கண்ணாடிக் கதவைத் தொடுவதற்கே ஒரு வாரம் ஆகிவிடுகிறது. கதவைத் திறந்ததும் ராமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பார். பல ஆண்டு ஓடிக் கறை படிந்த ராமுக்குப் பழுதுபார்ப்போர் செய்துவந்த கைவைத்தியம் இது. உறை பிரித்து ஒன்பது நாளே ஆன ராமுக்கு இதனால் விளையும் பயன் ரப்பர் தூள் மட்டுமே. பிறகு பிராசஸரின் மேலுள்ள குளிர்விப்பானைக் கழற்றி வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசுவார். கணினி எழும் நேரத்துக்கும் அந்தப் பசைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பூசி முடித்ததும் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. மேசை மீது பூட்டிய நாளிலிருந்தே மிஞ்சிக் கிடக்கும் ஒற்றைத் திருகாணியை அவர் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்பதைவிடப் பார்க்காமல் தவிர்க்கிறார் என்பதே சரி.

இந்தக் கட்டத்தில் மனைவி, “ஏங்க, எல்லாத்தையும் சரியாத்தானே மாட்டினீங்க?” என்று கேட்பதுண்டு. இத்தனை நாளாக அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளாமல் காத்துவந்த கேள்வி அது.

விடையின் பெரும்பகுதி உண்மையில் விண்டோஸின் சொந்தத் திரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியைத் திறந்தால் மேல்மூலையில் ‘கடைசி பயாஸ் நேரம்’ என்னும் பொருள்படும் ஒரு வரி, வினாடிக் கணக்கோடு நிற்கும். பயாஸ் என்பது மதர்போர்டிலேயே குடியிருக்கும் சிறு நிரல்; மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழித்து, நினைவகம், திரை, வட்டுகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பேர் கூப்பிட்டுச் சரிபார்த்து, அதன்பின் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைப்பது அதன் வேலை. அதன் இன்றைய வடிவத்துக்கு யூஇஎஃப்ஐ என்று பெயர் மாறி நெடுநாளாகியும் மக்கள் பழைய பெயரையே சொல்கிறார்கள். மொத்தம் 52 வினாடியில் 38 வினாடி இந்த வரியில் நின்றால், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே காலம் கழிந்துவிட்டது என்று பொருள். அதைக் காணும்வரை அவர் விண்டோஸிலிருந்து நீக்கிய நிரல்கள் எல்லாம் குற்றமற்றவை.

டிடிஆர்5 வகை ராம் பூட்டிய மதர்போர்டுப் பலகைகள் சிலவற்றில் இந்தக் காலம் கழிவதற்குக் காரணம் ‘மெமரி டிரெய்னிங்’ எனப்படும் பயிற்சி. 6000 என்று பெட்டியில் அச்சிட்ட ராமின் ஒவ்வொரு கம்பியிலும் வினாடிக்கு 600 கோடி துடிப்புகள் ஓடுகின்றன. அதாவது ஒரு துடிப்புக்கு ஒரு நானோவினாடியில் ஆறில் ஒரு பங்குதான் நேரம். அத்தனை நுண்ணிய இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிடாமலிருக்க, பிராசஸரும் ராமும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்துக் காலத்தைச் சரிசெய்து கொள்கின்றன. கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் கல்லை வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பதற்கு நிகரான காரியம் இது. சபாவில் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவரே வீட்டில் கறுத்த திரையின் முன் பதறுகிறார். முதன்முறை இயக்கும்போது இச்சுருதி சேர்ப்புச் சில நிமிடங்கள்கூட நீளலாம். மூன்றாம் நிமிடத்தில் ‘போயிற்று’ என்று முடிவு கட்டிப் பொத்தானை அமுக்கி அணைத்தால், அடுத்த முறை மறுபடியும் முதற்கம்பியிலிருந்து தொடங்கும். சேர்த்த சுருதியை நினைவில் வைத்து அடுத்த முறை பயன்படுத்த ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்’ என்ற ஓர் அமைப்பு பல பலகைகளில் உண்டு. சொந்தக்கட்டுக்காரர் அதை நாடாமல் முதலில் பயாஸையே புதுப்பிக்கிறார். நடுவில் மின்சாரம் போனால் பலகையே பாழாகக்கூடும் என்பதால் அன்று மிக்சி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் ஆகிய யாவற்றுக்கும் வீட்டில் தடையுத்தரவு. புதுப்பித்ததும் பழைய அமைப்புகள் அழிந்து பயிற்சி முழுதாக நடக்கும். ஆகவே அவருடைய டைரியின் மிகப் பெரிய எண் அந்த நாளுக்கு உரியது.

எஞ்சிய வினாடிகளுக்கு உரியவர் பழைய ஹார்டு டிஸ்க். முந்தைய கணினியிலிருந்து, கல்யாண போட்டோக்கள் இருப்பதால் கழற்றிக் கொண்டுவந்து பூட்டியது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் அதன் தட்டு வேகம் பிடிக்கும்வரை பயாஸ் காத்திருக்கிறது. வயதான வட்டு கூப்பிட்ட குரலுக்கு உடனே ‘உள்ளேன்’ என்பதில்லை. நூற்றுக்கணக்கில் செலவான வினாடிகளுக்குப் பிறகு அவர் அதன் கேபிளைப் பிடுங்குகிறார். கணினி எழவே மறுக்கிறது. பல வட்டுகள் செருகியிருக்கையில் விண்டோஸை நிறுவினால், தொடக்கக் கோப்புகளை அது ஏற்கெனவே தொடக்கப் பகுதி உள்ள பழைய வட்டில் எழுதிவிடக்கூடும். குடிபுகுந்தது புது எஸ்எஸ்டி என்னும் புது வீட்டில். சாவி மட்டும் பழைய வீட்டு மாமியிடமே தங்கிவிட்டது. கேபிளைத் திரும்பச் செருகியதும் மாமி நிதானமாக எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவிட்டு, மாமியைக் கழற்றி வைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவி, பயிற்சி அமைப்பையும் மாற்றிய பின் டைரியில் 17 என்று ஒரு பதிவு காணப்படுகிறது. அடியில் இரட்டைக் கோடு.

இத்தனை பாடும் பட்டுத் தேறியவர் என்ற புகழ் குடியிருப்பில் பரவ, எதிர்வீட்டுப் பையன் கட்டிய கணினியும் மெதுவாக எழுகிறதென்று அவரை அழைக்கிறார்கள். ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்ட வாயெடுக்கிறான்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. யூபிஎஸ் என்ன பிராண்டு?”