4 வாட்ஸ் தொண்டை

பிராம்டன், கனடா.
மாசி மாசம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பாதி உன் குரல், பாதி உன் லொறி ஹோர்ன். கேள்வி மட்டும் தெளிவா விளங்குச்சு: "போட்டோவுல உன் தலைக்கு மேல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கே, சுருள் வயர்ல மைக் தொங்குதே, நீ லொறிதான் ஓட்டுறியா, இல்ல பொலிஸ்ல சேர்ந்துட்டியா?" அதோட விட்டிருந்தா ஒரு வரியில பதில் போட்டிருப்பேன். "எனக்கும் ஒண்ணு அனுப்பு, கினிகத்தேனை வளைவுல மூடுபனிக்குள்ள எதிர்ல வர்றவனோட பேசிக்கிட்டே ஏறலாம்"னு வேற கேட்டுட்ட. அதான் இவ்வளவு நீளக் கடிதம். மரக்கறி இறக்கி முடிஞ்ச பிறகு படி.

அது சிபி ரேடியோ. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 40 சேனல். யாரும் பேசலாம், யாரும் கேட்கலாம், லைசென்ஸ் கிடையாது. நம்ம தாத்தா காலத்துல ரேடியோ சிலோன் கேட்கிறதுக்கே தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் காசு கட்டினாங்க. இங்கே மைக்கைப் பிடிச்சு ஊருக்கே பேசினாலும் ஒருத்தனும் துண்டோட வர்றதில்ல. அமெரிக்காவுல 1958ல இது தொடங்கிருச்சு. ஆனா களை கட்டினது 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகுதான். டீசல் கிடைக்கல, அடுத்த வருசமே நாடு முழுக்க 55 மைலுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம். எந்த ஷெட்டுல டீசல் இருக்கு, எந்தப் புதருக்குப் பின்னால பொலிஸ் ஒளிஞ்சிருக்குன்னு லொறிக்காரங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கத்தான் இந்தப் பெட்டி பரவுச்சு. அப்புறம் கார்க்காரங்க, வீட்டுக்காரங்க எல்லாரும் வாங்கினாங்க. ஜனாதிபதி ஃபோர்டோட மனைவி பெட்டி ஃபோர்டே பட்டப்பேர் வச்சுக்கிட்டு சிபியில பேசினாங்கன்னா பாரேன். முதல்ல 23 சேனல்தான். நெரிசல் தாங்காம 1977ல 40 ஆக்கினாங்க.

போன் இருக்கிற காலத்துல இது எதுக்குன்னு கேட்பே. டொரன்டோவுல இருந்து வின்னிபெக் போறதுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அதுல பெரும்பகுதி 17ஆம் நம்பர் ரோடு, சுப்பீரியர் ஏரிக் கரையைச் சுத்திப் போகும். ஏரின்னதும் நுவரெலியா கிரகரி வாவி மாதிரி படகு விடுற இடம்னு நினைச்சுக்காத. முழு இலங்கையையும் தூக்கி உள்ள போட்டாலும் மிச்ச இடம் இருக்கும். அந்தக் கரையில வாவாவைத் தாண்டினா போன் சிக்னல் செத்துப் போயிரும். ரோட்டுல மூஸ் நிக்கும். அது மான் சாதி, ஆனா எருமையை விட உயரம். பனிப்புயல் வந்தா ரோட்டையே மூடிருவாங்க. நிப்பிகன்ல ஒரு பாலம் இருக்கு, கிழக்குக் கனடாவையும் மேற்குக் கனடாவையும் சேர்க்கிற ரோடு அந்த இடத்துல அது ஒண்ணுதான். புதுசாக் கட்டித் திறந்து ரெண்டு மாசம் ஆகல, 2016 ஜனவரிக் குளிர்ல அதோட தளம் அரை மீட்டருக்கு மேல தூக்கிக்கிச்சு. நாடே ரெண்டு துண்டாப் போச்சு. இப்படி ஏதாவது நடந்தா முன்னால போனவன் சொல்லித்தான் பின்னால வர்றவனுக்குத் தெரியும். அதுக்கு 19ஆம் சேனல். அவசரத்துக்கு 9ஆம் சேனல்.

19ல பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? பாதி நேரம் பஞ்சாபி. பிராம்டன்ல லொறி ஓட்டுறவங்கள்ல அவங்கதான் அதிகம். முன்னால எடை போடுற நிலையம் திறந்திருக்கான்னு தெரிஞ்சுக்கிற அளவுக்குப் பஞ்சாபி எனக்கும் வந்திருச்சு. ரோட்டுல வெடிச்சுக் கிடக்கிற டயர்த் துண்டை இங்கே முதலைன்னுதான் சொல்லுவாங்க. "இடது பக்கம் முதலை"ன்னு கேட்டா பதறக் கூடாது, ஒதுங்கணும். எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. நான் ஹட்டன்காரன்னு தெரிஞ்சதும் எனக்கு "டீ பேக்"னு வச்சுட்டாங்க. நம்ம தோட்டத்துத் தூள் அந்தப் பைக்குள்ள இருக்கிறதை நினைச்சா மறுக்கவும் முடியல.

இனி விசயத்துக்கு வர்றேன், பெட்டி வாங்கின கதை. எங்க கம்பெனியில ஒரு பருத்தித்துறை அண்ணை இருக்கார். வின்னிபெக் லோடுன்னா நாங்க சேர்ந்தே கிளம்புவோம், முன்னால அவர் லொறி, பின்னால நான். ரெண்டு பேரும் ஒரே கிழமையில ரேடியோ வாங்கப் போனோம். கடைக்காரன் முதல்ல காட்டினது சுத்தி குரோம் பூசி, கலர் மாத்தி மாத்தி லைட் எரியற பெட்டி. பேசி முடிச்சா 'பீப்'னு மணி அடிக்கும். எக்கோ போட்டா நம்ம குரல் கோயில் ஒலிபெருக்கியில வர்ற கணக்கா மூணு தரம் திரும்பி வரும். அண்ணை அதுலயே விழுந்துட்டார். "தம்பி, பெட்டி எண்டா உது பெட்டி!" நான் வாங்கினது கோப்ரா 29. பழைய மாடல் முகம், லொறிக்காரங்ககிட்ட ரொம்ப நாளா ஓடுற சாமான். (அம்மாகிட்ட கோப்ரா வாங்கினேன்னு மட்டும் சொல்லிராத, நாகம்மாளுக்குப் பால் வைக்கக் கிளம்பிருவாங்க.) இரைச்சலை அடக்க ஸ்குவெல்ச் திருகு, கிட்ட இருக்கிறவனை மட்டும் கேட்க ஆர்எஃப் கெயின் திருகு, ஏரியலைச் சோதிக்க உள்ளேயே ஒரு மீட்டர். இந்த மூணும் இருந்தாப் போதும்.

ஏன் போதும்னா, சட்டப்படி எந்தப் பெட்டிக்கும் 4 வாட்ஸ்தான். விலை கூடின பெட்டிக்கும் 4, மலிவுப் பெட்டிக்கும் 4. எஸ்எஸ்பி முறையில பேசுற பெட்டிக்கு மட்டும் 12 வரைக்கும் விடுவாங்க, ஆனா 19ல அந்த முறையில பேசுறவன் கிடையாது. 4 வாட்ஸ்னா உன் கடையில எரியற சின்ன எல்ஈடி பல்பு. இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு ஆறேழு கிலோமீட்டர் கூப்பிடணும்னா காசைக் கொட்ட வேண்டியது பெட்டிக்கு இல்ல, ஏரியலுக்கு. 1982ல ரூபவாஹினி தொடங்கினப்ப ஏரியலை எங்கே கொண்டு போய் நட்டாங்க? பீதுருதாலகால உச்சியில, 2,524 மீட்டர்ல. இலங்கையில அதுக்கு மேல உயரம் கிடையாது. அவங்களுக்குத் தெரிஞ்சது நம்ம அண்ணைக்குத் தெரியல. மிச்சக் காசுக்கு ஒரு குட்டைக் கம்பியை வாங்கிக் கண்ணாடிப் பக்கம் சொருகிட்டார்.

கம்பி நீளத்துக்கும் கணக்கு இருக்கு. இந்த அலையோட நீளம் 11 மீட்டர். நல்லாப் பேசணும்னா கம்பி அதுல கால்வாசி, அதாவது ரெண்டே முக்கால் மீட்டர். ஒன்டாரியோவுல வண்டி உயரமே 4.15 மீட்டருக்கு மேல போகக் கூடாது, அதனால அவ்வளவு நீளக் கம்பியை லொறியில நட முடியாது. அதுக்குத்தான் ஃபைபர் குச்சியில செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி, நாலடியிலயே அந்த நீளத்தை அடக்கி விக்கிறாங்க. ரெண்டு பக்கக் கண்ணாடியிலயும் ஒவ்வொண்ணு மாட்டினா முன்னாலயும் பின்னாலயும் சத்தம் கூடுதலாப் போகும்; ரோட்டுல பேச வேண்டியவன் முன்னாலயோ பின்னாலயோதான இருக்கான். ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒன்பதடி இடைவெளி வேணும், காருக்கு அந்த அகலம் கிடையாது. காந்தம் வச்ச ஏரியல் லொறிக்கு லாயக்கில்ல. கேபின் அலுமினியம், ஒட்டாது. பானெட் பிளாஸ்டிக், அதுலயும் ஒட்டாது.

மாட்டுறதுதான் பெரிய வேலை. இந்த ஊர் லொறி உள்ளேயே ரேடியோவுக்குன்னு சிவப்பு, கறுப்பு ரெண்டு ஆணி வச்சு 12 வோல்ட் கொடுத்திருக்கான், அதனால கரண்டுக்குக் கவலையில்ல. சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா என்ஜின் உறுமல் அத்தனையும் பேச்சோட சேர்ந்து போகும். ஏரியல் காலுக்கு எர்த் கிடைக்கிறதுலதான் சிக்கல். கண்ணாடிச் சட்டம் பாதி பிளாஸ்டிக், மீதி பெயின்ட். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியிற வரைக்கும் தேய்ச்சு, பட்டையா ஒரு வயரைச் சேசிக்கு இழுத்தேன். கேபிளைக் கதவு நசுக்காத வழியாக் கொண்டு வரணும், முனையில தண்ணி போகாம டேப் சுத்தணும்.

அப்புறம் எஸ்டபிள்யூஆர் பார்க்கணும். நம்ம மேட்டு லயத்துல இருந்து எதிர்மலைக்குக் கூப்பிட்டா ஆள் பதில் சொல்லுவான். பாறையைப் பார்த்துக் கத்தினா சத்தம் நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும், இல்லையா? ஏரியல் ஒத்துப் போகலைன்னா பெட்டி அனுப்பின பவர் அப்படித்தான் பெட்டிக்கே திரும்பி வரும். மீட்டர்ல ஒண்ணரைக்குக் கீழன்னா நல்லது, ரெண்டு வரைக்கும் பரவாயில்ல, மூணைத் தாண்டினா பேசவே கூடாது, பெட்டி கருகிரும். 1ஆம் சேனல்லயும் 40ஆம் சேனல்லயும் அளந்து பார்க்கணும். 1ல கூடினா கம்பி குட்டை. 40ல கூடினா கம்பி நீளம். முனையில இருக்கிற திருகைத் திருகித் திருகி ஒண்ணரைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள விரல் மரத்துப் போச்சு. வெளியில பூச்சியத்துக்குக் கீழ இருபது டிகிரி.

அண்ணை எர்த்தும் பார்க்கல, மீட்டரும் பார்க்கல. மறுநாள் வைட் ரிவர் பக்கம் அவர் முன்னால போயிட்டார். அவர் குரல் எனக்கு 'கரகர'ன்னு, எக்கோவோட, ஒரு சொல்லும் விளங்காம வருது. "தம்பி, உம்மட சத்தம் எனக்கு வடிவாக் கேக்குது. என்ர சத்தம் உமக்குக் கேக்கேல்லையோ?" அவர் கேட்டது இதைத்தான்னு டீக்கடையில உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உடனே ஏரியல் வாங்கினாரான்னா, இல்ல. பவர் ஏத்தித் தர்ற ஆள் ஒருத்தனைப் பிடிச்சார். உள்ள இருக்கிற திருகைக் கூட்டி, அதுக்கு மேல ஒரு ஆம்ப்ளிஃபயரும் விக்கப் பார்த்தான் அவன். அது சட்டத்துக்கு விரோதம். அதை விடு, கணக்கும் தப்பு. 4 வாட்ஸை 16 ஆக்கினாத்தான் எதிர்ல கேட்கிறவன் மீட்டர்ல முள் ஒரே ஒரு கோடு ஏறும். நடுவுல பக்கத்து ரெண்டு சேனல்லயும் அண்ணை குரல் வழிஞ்சு, பஞ்சாபிக்காரங்க சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதல. கடைசியில நானே போய் அவர் கண்ணாடிச் சட்டத்தைச் சுரண்டிக் கொடுத்தேன். கூலி, ஒரு பார்சல் இடியப்பமும் சொதியும்.

சூரியன்ல புள்ளி கூடுற வருசங்கள்ல இன்னொரு கூத்து. பகல்ல இந்த அலை வானத்துல பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி விழும். 2024ல சூரியன் அந்த உச்சத்துக்கு வந்துருச்சுன்னு அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. அதுக்குப் பிறகு மத்தியானத்துல தெற்கு அமெரிக்காக்காரன் ஒருத்தன் வெயில் தாங்கலன்னு புலம்புறதைப் பனிக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அதே நேரம் நாலு வளைவு தள்ளி நிக்கிற அண்ணை குரல் கேட்காது.

இப்ப உன் விசயம். அனுப்ப மாட்டேன். கோவிக்காம காரணத்தைக் கேளு. நம்ம பக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி இல்லாம பேசுற ரேடியோ வச்சிருக்க முடியாது. சுங்கத்துலயே பிடிச்சு வச்சிருவான், கொழும்புக்கு நடந்தே உன் லொறி வாடகை போயிரும். அப்படியே வந்து சேர்ந்தாலும் 4 வாட்ஸுக்கு மலை ஏறத் தெரியாது. சிங்கமலை குறுக்க நின்னாப் போதும், கொட்டகலையில நீ பேசுறது ஹட்டனுக்குக் கேட்காது. எல்லாத்துக்கும் மேல, எதிர்ல வர்ற பஸ்காரன்கிட்ட பெட்டி இல்லாம நீ மட்டும் யாரோட பேசுவே? ஆசை அடங்கலைன்னா முறைப்படி அமெச்சூர் ரேடியோப் பரீட்சை எழுது. பாஸ் பண்ணினா 4எஸ்னு தொடங்குற பேர் ஒண்ணு தருவாங்க, கனடாவுக்கே பேசலாம். பரீட்சை இங்கிலீஷ்லயான்னு விசாரிச்சுக்க.

வளைவுக்கு ஹோர்ன் போதும், மூடுபனிக்கு மஞ்சள் ஃபொக் லைட் போதும். நீ ஓட்டுற லொறியில வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யுதுன்னு தங்கச்சி சொல்லுச்சு. புது வைப்பருக்கும் லைட்டுக்கும் அவ பேர்ல பேங்குல காசு போட்டிருக்கேன், உன் பேர்ல இல்ல. வாங்கி மாட்டிட்டு பில்லைப் போட்டோ பிடிச்சு அனுப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்,
19ஆம் சேனல்ல "டீ பேக்".