பாட்டைக் காணவில்லை

பாட்டுப் பிரியர்களுக்கு நல்ல பொட்காஸ்ட் சொல்லிக்கொடுப்பதும் கலியாணம் பேசிமுடிப்பதும் ஒரே மாதிரி வேலை. சரிவந்தால் உங்களை யாரும் நினைக்க மாட்டார்கள். சரிவராவிட்டால் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது செருப்புப் போடவும் விடாமல் நிறுத்திவைத்துக் கேட்பார்கள். பாலமுனையில் இந்தத் தரகு வேலையை நான் விரும்பி எடுக்கவில்லை. கட்டாரில் இருக்கும் எங்கட சாச்சாவின் மகன், வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்க ஏதாவது சொல்லுங்க காக்கா என்றான். சொன்னேன். அவனுக்குப் பிடித்துப் போனது என் கெட்ட காலம். அவன் அதைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவைக்க, ஒலுவிலிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் காதில் வயர் மாட்டியிருக்கிற எல்லாருக்கும் நான் வேண்டப்பட்டவனாகிவிட்டேன்.

வருகிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். “முக்கா மணித்தியாலமாக் கேக்கன், பேசிப் பேசியே இரிக்கானுகள். பாட்டு எங்க?”

நியாயமான கேள்வி. இசையைப் பற்றிய பொட்காஸ்டில் முழுப் பாட்டு வருவது அபூர்வம். பாட்டை எழுதி மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை, அதை ஒலிப்பதிவு செய்த கம்பனிக்கு இன்னோர் உரிமை. வானொலி நிலையம் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு நாள் முழுக்கப் போடலாம். பொட்காஸ்டோ போனில் இறக்கி வைத்துக்கொள்கிற சாமான்; ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக அனுமதி எடுக்க வேண்டும், அதற்குப் பணமும் வக்கீலும் வேண்டும். ஆகவே உலகத்தில் பல நல்ல மனிதர்கள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, நமக்குக் கேட்காத பாட்டொன்றைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் உருகிக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் எங்கள் ஊரில் ஒரு நன்மையும் விளைந்தது. இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம் இங்கே பழையது. இசை ஆகாது என்கிற கட்சியில் என் மச்சினன் உறுதியாக நிற்பவன். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆம்பிளைகள் பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் வழக்கம் என்பதால், அவனுடைய வீட்டில்தான் நான் இருக்கிறேன். ரேடியோவின் சத்தத்தை எத்தனையில் வைப்பது என்பது என் கையில் இல்லை. ஒரு நாள் அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“மச்சான், இது பாட்டா?”

“இல்ல மச்சான். பாட்டப் பத்தின பேச்சு.”

“அப்ப பரவாயில்ல” என்று அவனும் உட்கார்ந்தான். நடுவில் கிட்டார் ஒன்று ஒலித்தபோது மரியாதையாக எழும்பிப்போய், முடிந்ததும் வந்து “மறுகா என்ன சொன்னார்?” என்று கேட்டான். ஆளுக்கு ஒரு கொள்கை, அதற்குள் எல்லாருக்கும் ஒரு காது.

கலியாண வீடுகளுக்கு சவுண்ட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் தம்பிக்கு ‘சோங் எக்ஸ்ப்ளோடர்’ சொன்னேன். இந்திய வேர் கொண்ட அமெரிக்கர் ஹிரிஷிகேஷ் ஹிர்வே 2014 இல் தொடங்கியது. ஒரு பாட்டை உருவாக்கியவரே வந்து அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டுவார்: டிரம்ஸ் தனியே, பேஸ் தனியே, பாட்டுக்காரரின் குரல் தனியே. கேள்வி கேட்கிற ஹிர்வே தன் குரலை வெட்டி எடுத்துவிட்டு அநேகமாக விருந்தாளியின் குரலை மட்டும் வைப்பார். இந்தப் பழக்கம் நம்முடைய தொலைக்காட்சிப் பேட்டியாளர்களுக்கு வந்தால் ஒரு நிகழ்ச்சி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் முழுப் பாட்டையும் போடுவார், அனுமதியோடு. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று நினைத்தேன். தம்பி கேட்டுவிட்டு வந்தான். “காக்கா, டிரம்ஸ் மட்டும் கேட்டிச்சு. மற்ற ஸ்பீக்கர்ர வயர் கழண்டு கிடந்திரிக்கும், அவருக்கு ஆரும் சொல்லல்லயா?”

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். பரிசளிப்பு விழாவில் நன்றியுரைக்கு எழும்பினால் பிள்ளைகள் பரிசுக் கோப்பையோடு தூங்கிவிடுவார்கள். அவருக்கு இங்கிலாந்துக்காரர் அண்ட்ரூ ஹிக்கி செய்யும் ‘500 பாட்டுகளில் ரொக் இசையின் வரலாறு’. 2018 இல் ஆரம்பித்தபோது திட்டம் சுலபமாக இருந்தது: கிழமைக்கு ஒரு பாட்டு, சுமார் அரை மணித்தியாலம், பத்து வருடத்தில் 500. மனிதர் போகப் போக ஒரு பாட்டைச் சொல்ல அதற்கு முந்தின பாட்டு, அதற்கு முந்தின ஆளின் பாட்டன், பாட்டன் போன கப்பல் என்று இறங்கிவிட்டார். சில பாட்டுக்கு மூன்று மணித்தியாலத்துக்கும் மேலே போகிறது. 500 இல் பாதியை இன்னும் எட்டவில்லை. அதிபர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவர்தான் தம்பி விசயத்தச் சுருக்கமாச் சொல்றார்.” நான் செய்த சிபாரிசுகளில் முழு வெற்றி இது ஒன்றுதான்.

தமிழ் வாத்தியார் ஒருவருக்கு ‘டிசெக்ட்’ கொடுத்தேன். ஓர் இசைத்தட்டை எடுத்து, ஒரு பருவம் முழுக்க வரி வரியாக உரை சொல்வது. “நச்சினார்க்கினியர் இங்கிலீசு படிச்சிரிந்தா இதத்தான் செஞ்சிரிப்பார்” என்றார். அது பாராட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிபிசியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ 1942 இலிருந்து நடக்கிறது. ஆளில்லாத தீவுக்குப் போகிறீர்கள், எட்டு இசைத்தட்டுகளும் ஒரு புத்தகமும் ஒரு சொகுசுப் பொருளும் கொண்டுபோகலாம், எவை என்று கேட்பார்கள். பழைய நிகழ்ச்சிகளைக்கூட இப்போது பொட்காஸ்டாக எடுக்கலாம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் எட்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். இதை மனைவியின் மூத்தம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“தீவுல கரண்ட் இரிக்கா?”

2022 இன் மின்வெட்டுக் காலத்தைக் கண்டவருடைய கேள்வி. பிபிசிக்காரருக்கு எண்பது வருடமாகத் தோன்றாத கேள்வியும்கூட. இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் மூத்தம்மா என்றேன். சொகுசுப் பொருள் வெற்றிலை வட்டா என்று உடனே முடிவானது. பாட்டுக்கு வந்தபோது, எட்டும் நாகூர் ஹனிபா. எட்டில் ஒன்றையாவது மாற்றுங்களேன் என்றதற்கு, “தீவுக்குப் போறது நானா நீயா?” என்றார்.

மாமிக்குச் சென்னை சுபஸ்ரீ தணிகாசலம் 2020 ஊரடங்கில் தொடங்கிய ‘கியூஎஃப்ஆர்’ போதும். பழைய சினிமாப் பாட்டுகளை இளம் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்துச் சேர்த்த தொடர். யூடியூபில் வருவதை பொட்காஸ்ட் என்று சொல்லலாமா என்று என் மருமகன் தர்க்கம் பண்ணினான். மாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தர்க்கத்தை அவரிடம் போய்ச் செய் என்றேன். போகவில்லை.

உண்மையான தடை மாமனார்தான். எதைப் போட்டாலும் இரண்டு நிமிடம் கேட்பார். “ஹமீத் இரிக்கக்குள்ள இதெல்லாம் என்னத்துக்கு மகன்?” இலங்கை வானொலி அறிவிப்பாளர் ஹமீதைத்தான் சொல்கிறார்.

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் பாட்டைப் பற்றிப் பேசுவது என்கிற தொழிலே எங்களுக்குப் புதிது அல்ல. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 25 இல், இராமநாதபுரத்தில் ஹனிபா பிறந்தார். அல்லாஹ் முதலில் ரேடியோவைத் தந்து, ஒன்பது நாள் அவகாசம் விட்டு, அதில் பாடுகிற தொண்டையை அனுப்பினான் என்பது மாமாவின் ஆராய்ச்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவ வானொலியிடமிருந்து இலங்கை வானொலிக்குக் கைமாறிய பலமான சிற்றலைக் கருவி ஏக்கலையில் இருந்தது. 1952 இல் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு சனங்களின் ரசனையைக் கெடுக்கிறதென்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கிவைத்தார். இந்தியாவின் காது முழுக்கக் கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டது. அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அதே வருடம் இலங்கை வானொலியில்தான் வந்தது. அங்கே விவித பாரதியைத் தொடங்கித் திருத்திக்கொள்ள 1957 ஆகிவிட்டது. “பாட்டு வேணாமெண்ட மனிசன்தான் எங்கட ரேடியோவ வளத்து விட்டது” என்று கேஸ்கருக்கு மாமா இன்றைக்கும் நன்றி சொல்வார்.

தமிழில் எஸ்.பி.மயில்வாகனம் தொடக்கி வைத்த வர்த்தக ஒலிபரப்பு, ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று வளர்ந்தபோது, அறிவிப்பாளர் என்பவர் படத்தின் பெயர், இசை, கவிஞர், பாடியவர் எல்லாம் சொல்லி, முன்னிசை முடிந்து குரல் எழுகிற அந்த நொடிக்குச் சரியாகத் தன் வாயை மூடுகிறவராக இருந்தார். இந்த ஒரு கலை இன்றைய பொட்காஸ்ட்காரர்களிடம் இல்லை. வாயைத் திறக்கத் தெரிகிறது. கே.எஸ்.ராஜா தான் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைச் சினிமா வசனத் துண்டால் சொல்ல வைப்பார். பேச்சின் வேகத்துக்கு கல்முனை பஸ் பின்தங்கும். ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறார்கள். ‘இசையும் கதையும்’ என்று ஒன்று இருந்தது. நேயர் ஒரு கதை எழுதி அனுப்புவார்; பெரும்பாலும் காதல் தோல்வி. கதையின் இடையிடையே பொருத்தமான சினிமாப் பாட்டு வரும். எழுதினவர் எங்கோ ஒரு சிற்றூரின் ஆசிரியையாகவோ கச்சேரி எழுதுநராகவோ இருப்பார். கதை, பாட்டு, ஒரு சாதாரண ஆளின் பெயர்: பொட்காஸ்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி மட்டும்தான் இல்லை. அதற்கும் மாமா ஒரு கசட் ரெக்கோடரை ரேடியோவுக்கு முன்னால் வைத்து வழி கண்டிருந்தார். அவருடைய கசட்டுகளில் ஹமீதின் அழகான ழகரத்துக்கு நடுவே மாமியின் குரல், சுத்தமாக, “அரிசி முடிஞ்சி” என்று கேட்கும்.

எல்லாருக்கும் எல்லாம் சொல்லி முடித்தபோதுதான் மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். எங்கட பாட்டுகளுக்கு ஒரு பொட்காஸ்ட் இல்லையா?

எங்கட பாட்டு என்றால் கவி. வட்டைக்குள் வெள்ளாமைக்குக் காவல் இருந்தவர்கள் பரணில் இருந்து பாடியது, மறுபரணில் இருந்து பதில் வந்தது, வீட்டுக்குள் பெண்கள் பாயிழைத்துக்கொண்டு பாடியது. மச்சானும் மச்சியும் தூதுவிடும் நாலு வரிகள். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ.நுஃமானும் நிந்தவூர் எஸ்.முத்துமீரானும் இவற்றைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கவிஞர் பாலமுனை பாறூக் ஒரு காவியத்துக்கே ‘தோட்டுப்பாய் மூத்தம்மா’ என்று பெயர் வைத்தார். புத்தகத்தில் வரி இருக்கிறது, இழுவை இல்லை. அந்த இழுவைதான் கவி. இதில் வாத்தியம் ஒன்றும் கிடையாது, வெறும் குரல் என்பதால் என் மச்சினனும் எழும்பிப் போகத் தேவையில்லை. கம்பனிக்காரனிடம் உரிமை கேட்டு நிற்க வேண்டிய கதையும் இல்லை. நானே சிபாரிசு செய்ய ஆசைப்படுகிற பொட்காஸ்ட் இது. இல்லையென்றால் நாங்களே செய்வோம் என்று மருமகன் போனைத் தூக்கிக்கொண்டு மூத்தம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினான்.

மூத்தம்மா பாட மறுத்துவிட்டார். “அந்நிய ஆம்பிளையெல்லாம் கேப்பானுகள்.” சரி, பாட வேண்டாம், கவியைப் பற்றிச் சும்மா சொல்லுங்கள் என்றோம். அதற்கு ஆட்சேபணை இல்லை. வெற்றிலையை இடித்து வாயில் போட்டுக்கொண்டு தொடங்கினார். எந்தக் கவியை யார் யாரை நினைத்துக் கட்டினார், எந்தப் பரணிலிருந்து எந்த வளவுக்குக் கேட்கும்படி பாடினார், அதைக் கேட்டு எந்த வாப்பா எந்தக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார், எல்லாம் பெயரோடும் குடியோடும் வந்தது. கவியில் ஒரு வரிகூட வரவில்லை. உலகத் தரத்துக்கு ஓர் இசைப் பொட்காஸ்ட்.

பிறகுதான் கொப்பிரைட் பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. அந்தப் பெயர்களுக்கு இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவரின் மகன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். மாமி வாசலில் நின்று, “அத வெளியில விட்டா நான் இந்த ரோட்டால நடக்கேலா” என்றார். மருமகன் இரவிரவாக உட்கார்ந்து பெயர்களை வெட்டினான். பெயரை வெட்டினால் சம்பவம் நின்றது, சம்பவத்தை வெட்டினால் சிரிப்பு மட்டும் நின்றது. மிஞ்சியது வெற்றிலை உரலின் சத்தம், ஒரு கோழி, மூத்தம்மாவின் இருமல், இடையிடையே கால் கதைகள். அதை அப்படியே ஏற்றிவிட்டான்.

அதிபர், நீளம் போதாது என்றார். சவுண்ட்ஸ் தம்பிக்கு உரல் சத்தம் பிடித்திருந்தது. பேஸ் நல்லா இரிக்காம். கட்டார்க்காரன் மூன்று தரம் கேட்டதாக எழுதினான். ஒருவராவது பாட்டு எங்கே என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது, வெட்டின பெயர் யாருடையது என்று. அஸருக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் அந்த நிர்வாகசபைக்காரரும் எனக்கு ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தி அதையே கேட்டார்.

“ஆரு தம்பி அந்த ஆள்? எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களா?”

எனக்கு அன்றைக்குப் பார்த்து அக்கரைப்பற்றில் ஓர் அவசர வேலை இருந்தது.